சிலம்பம்: ஏழு பேர் படிக்கும் ஆசான் களமா, எழுபது பேர் படிக்கும் பயிற்சி மையமா?

கேள்வி இது: பத்து வயது மகளைச் சிலம்பத்தில் சேர்க்க வேண்டும். ஊரில் இரண்டு வழி இருக்கிறது. பள்ளி மைதானத்தில் எழுபது பிள்ளைகளோடு நடக்கும் பயிற்சி மையம் ஒன்று. சீருடை, தேர்வு, சான்றிதழ், மாவட்டப் போட்டி எல்லாம் அங்கே உண்டு. இன்னொன்று, கோயில் திடலில் விடியற்காலையில் ஏழு பேருக்கு மட்டும் கம்பு சொல்லிக்கொடுக்கும் வயதான ஆசான். அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை, சான்றிதழும் தருவதில்லை. எங்கே சேர்ப்பது? அந்த ஆசான் விஷயம் தெரிந்தவர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆசான் தகுதியானவர் என்றால் முதல் இரண்டு வருடத்துக்கு அவரிடமே விடுங்கள். பழமை மீது உள்ள பற்றால் இதைச் சொல்லவில்லை. கம்பின் நீளமும் ஆசானின் கைக்குக் கிடைக்கும் நேரமும் சேர்ந்துதான் ஒரு சிலம்ப வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை முடிவு செய்கின்றன. அதை மீறி ஆள் சேர்த்தால் கற்றுக்கொடுக்கும் விஷயமே மாறிப்போகும்.

முதலில் இடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கான கம்பு தரையில் ஊன்றினால் நெற்றிவரை வரும். ஏறக்குறைய ஐந்தரை அடி. அடிப்பக்கம் ஒரு சாண் விட்டு இரண்டு கையாலும் பிடித்து வீசும்போது, முன்னால் நீண்டிருக்கும் கம்பும் கையின் நீளமும் சேர்ந்து ஆறரை, ஏழு அடி எட்டும். அப்படியென்றால் ஒருவர் நின்ற இடத்தில் சுற்றவே பதினான்கு அடி விட்டம் வேண்டும். முன்னும் பின்னும் பக்கமும் காலடி வைத்து வீசினால் எந்தப் பக்கமும் மூன்று அடி கூடும். ஆக ஒருவருக்கு இருபதுக்கு இருபது அடி. அறுபதுக்கு நாற்பது அடித் திடலில் ஆறு பேர்தான் ஒரே நேரத்தில் முழுப் பாடத்தையும் ஆட முடியும். பிள்ளைகளின் கம்பு சிறியது. பதினைந்து அடி போதும், அதே திடலில் எட்டுப் பேர்வரை ஆடலாம். பக்கத்துக் கேரளத்தில் களரிப்பயிற்று பழகும் களமான களரிக்கும் இப்படி அளவு உண்டு. 42 அடி நீளம், 21 அடி அகலம் என்று தோண்டிய குழிக்களரியில் கூட்டம் சேர்க்க வழியே கிடையாது.

இதே திடலில் முப்பது பேரை நிறுத்தினால் என்ன ஆகும்? யாரும் காலை நகர்த்த முடியாது. நுனியை நீட்டி வீசவும் முடியாது. மிச்சம் இருப்பது கம்பை நடுவில் பிடித்து உடம்பை ஒட்டிச் சுற்றுவது ஒன்றுதான். அதற்கு எட்டு ஒன்பது அடி இருந்தால் போதும். பெரிய மையங்களில் நடுப்பிடிச் சுற்றே பாடமாக நிறைந்துபோவதற்குக் காரணம் இதுதான். சொல்லிக்கொடுப்பவருக்கு மற்றது தெரியாது என்று பல இடங்களில் சொல்லிவிட முடியாது. அவரிடம் இடம் இல்லை. இந்த அலங்காரச் சுற்று பார்க்க அழகு, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல பயிற்சி, ஊர்வலத்தில் எடுபடும். ஆனால் எதிரில் கம்போடு ஒருவர் வந்து நிற்கும்போது தேவைப்படுவது காலடியும் தூரக் கணிப்பும். இடநெருக்கடியில் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். ஐந்தரை அடிக் கம்பை நடுப்பிடியில் நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினாலே நுனி நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகும். வரிசையில் ஒரு பிள்ளை அரை அடி நகர்ந்தாலும் பக்கத்துப் பிள்ளையின் காதிலோ கண்ணிலோ படும்.

அடுத்தது நேரம். விடியற்காலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை தொண்ணூறு நிமிடம். உடம்பைச் சூடாக்கிக் காலடி பார்க்க இருபது நிமிடம், வரிசைகளுக்கு, அதாவது ஒழுங்காகக் கோத்த அசைவுகளுக்கு, இருபது நிமிடம் போனால் ஐம்பது நிமிடம் மிஞ்சும். இந்த ஐம்பது நிமிடத்தில் ஆசான் ஒவ்வொருவருக்கும் எதிரில் நின்று தானே கம்பு எடுக்க வேண்டும். எட்டுப் பேர் என்றால் தலைக்கு ஆறு நிமிடம் கிடைக்கும். முப்பது பேர் என்றால் இரண்டு நிமிடம்கூட இல்லை; அந்த இடத்தில்தான் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு வருகிறது. பதினான்கு வயதுப் பையன் தன் பிழைகளையும் சேர்த்தே பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பான். அது அவன் குற்றம் இல்லை.

நல்ல ஆசானிடம் பாடம் எப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால், திடலோரம் நின்று பார்க்கும்போதே உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் சில வாரம் கையில் கம்பே இருக்காது. மண் தொட்டு வணக்கம், பிறகு காலடி. சுவடு, கால்மானம், கால் வரிசை என்று ஆசானுக்கு ஆசான் பெயர் மாறும், வேலை ஒன்றுதான். நேர்க்கோட்டில் வரும் அடியிலிருந்து உடம்பைச் சாய்வாக வெளியே எடுப்பதற்கும், அதே நகர்வில் எதிராளியின் பக்கவாட்டுக்குப் போவதற்கும் கால் பழக வேண்டும். பல ஆசான்கள் மண்ணில் கோடு கிழித்து முக்கோணமாக மூன்று புள்ளி வைப்பார்கள். புள்ளிக்குப் புள்ளி தோளகலம் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு திசைக்குக் கால் படிந்த பிறகு அதையே நான்கு திசைக்கும் திருப்பி ஆட வைப்பார்கள்.

பிள்ளைகள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். திரும்பும்போது ஒரு கால் இன்னொன்றின் குறுக்கே போய்ப் பின்னிக்கொள்ளும். அந்த நொடியில் லேசாகத் தட்டினாலே விழுவார்கள். பாரம் குதிகாலில் உட்கார்ந்துவிடும், பின்வாங்க முடியாது. பார்வை தன் காலிலேயே இருக்கும். இவற்றையெல்லாம் பார்ப்பதற்காகவே அனுபவமுள்ள ஆசான் திடலுக்கு முன்கூட்டியே தண்ணீர் தெளித்து, ஈரம் பதமாக இருக்கும்போது வகுப்பை ஆரம்பிப்பார். வெறுங்காலோடு ஆடி முடித்ததும் மண்ணில் எல்லாம் எழுதியிருக்கும். குதிகால் குழி ஆழமாக இருந்தால் பாரம் பின்னால் இருக்கிறது. கோடு இழுத்தது போல இருந்தால் காலைத் தூக்காமல் தேய்க்கிறார்கள். இடது காலடியைவிட வலது காலடி நீளம் என்றால் ஒரு பக்கம்தான் பழகியிருக்கிறது. ஏழு பேரின் தடத்தை ஒருவர் தினமும் படிக்கலாம். எழுபது பேர் மிதித்த மைதானத்தில் எதையும் படிக்க முடியாது, சிமெண்டுத் தரையில் தடமே விழாது.

பிறகு கம்பு. ஒற்றைக் கை, இரட்டைக் கை என்று சுற்று. அதற்குப் பிறகு வீச்சு, வெட்டு, குத்து, காலை வாரும் வாரல். இந்தக் கட்டத்தில் ஆசான் கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்புவார். கம்பு காற்றை அறுக்கும் ஒலி எந்த இடத்தில் எழுகிறதோ அங்கேதான் வேகம் உச்சத்தில் இருக்கிறது. அடி விழ வேண்டிய இடத்துக்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒலி கேட்டால், பலம் பாதி வழியிலேயே செலவாகிவிட்டது. இதற்குக் காரணம் பெரும்பாலும் பிடி. பிள்ளைகள் பயத்தில் பத்து விரலாலும் கம்பை நெரிப்பார்கள். முன்கை இறுகி மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், இரண்டே வாரத்தில் மணிக்கட்டு வலி என்று வந்து நிற்பார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடித்திருக்க, மற்ற விரல்கள் தளர்ந்திருந்து, அடி விழும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆசான் பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்து நாலு முறை சேர்ந்து வீசினால் புரிந்துவிடும்.

எதிர் கம்பு எடுப்பதுதான் சிறு களத்தின் உயிர். தொடக்கத்தில் ஆசான் நான்கு இடத்துக்கு மட்டும் மெதுவாக அடி கொடுப்பார்: உச்சந்தலை, காதோரம், விலா, கணுக்கால். வரும் வரிசை முன்பே தெரியும். பிள்ளை தட்டினால் போதும். தட்டும்போது கம்பு சாய்வாக நிற்க வேண்டும், சாய்வு விரல்களுக்கு எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும். கம்பைக் குறுக்காக நேரே நீட்டினால் வந்த அடி வழுக்கிப் பிடித்த விரலில்தான் போய் விழும். சிலம்பத்தில் கைவிரல் முட்டி வீங்குவது இந்த ஒரு பிழையால்தான் அதிகம். அது சரியான பிறகு ஆசான் வரிசையைக் குலைப்பார். அதன்பின் வேகத்தைக் கூட்டுவார். பிள்ளை தாங்கும் வேகத்தைவிட ஒரு துளிதான் அதிகம் இருக்கும். கடைசியில் வேண்டுமென்றே தன் பக்கத்தில் ஓர் இடத்தைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். பிள்ளை அதைப் பார்க்கிறதா, பார்த்தும் தயங்குகிறதா, பார்க்காமலே கை நீட்டுகிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த நாள் பாடம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் மாறும். இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு, குட்டையான பிள்ளைக்கு, பயந்த பிள்ளைக்கு என்று ஏழு பேருக்கு ஏழு பாடம் நடக்கும். அச்சடித்த பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இல்லை.

தொட்டதா இல்லையா என்று தகராறு வராமல் இருக்கக் கம்பு நுனியில் துணி சுற்றி ஏதாவது தோய்த்து ஆடுவது பழைய வழக்கம். நனைத்த கரித்தூளோ விபூதியோ போதும். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். பழகாத பிள்ளைகளுக்குள் முகத்துக்குக் குத்து விடுவதை எந்த நல்ல ஆசானும் அனுமதிக்க மாட்டார்.

கம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில்தான் பெற்றோர் பணத்தை வீணாக்குகிறார்கள். எதிர் கம்புக்குப் பிரம்பு நல்லது. பிரம்பு அடிபட்டால் நார்நாராகப் பிய்யும். மூங்கில் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்து தெறிக்கும். மூங்கில்தான் கிடைக்கிறது என்றால் உள்ளே துளை இல்லாத கல்மூங்கில், கணுக்கள் நெருக்கமாக உள்ளது. பெரியவர் கம்பு கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றிப் பிடித்தால் தொட்டுக்கொள்ளும் பருமனில், அரைக் கிலோவை ஒட்டிய எடையில் இருக்கும். பிள்ளைக்கு அதைவிட மெலிது, நீளம் அவள் நெற்றிவரை. வளரும் பிள்ளை என்று நீளமாக வாங்கி வைக்காதீர்கள். நீளக் கம்பின் நுனி தரையில் இடித்து, மணிக்கட்டை மடக்கும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பச்சைக் கம்பை நிழலில் சில வாரம் காயவிட்டு, வளைவு இருந்தால் அனலில் காட்டி, கவட்டைக் கட்டையில் கொடுத்து நிமிர்த்துவார்கள். கணுவைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, நல்லெண்ணெய் பூசுவார்கள். பிரம்பு காய்ந்து முறுகிவிட்டால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால் துவளும். ஒவ்வொரு நாளும் ஆடும் முன் பழந்துணியால் கம்பை நீளவாக்கில் ஒரு முறை உருவ வேண்டும். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே விரிசல். விரிசல் விழுந்த மூங்கிலைத் துணி சுற்றி ஒப்பேற்றக் கூடாது, அடுப்புக்குப் போட்டுவிடலாம். அலுமினியக் குழாய், விளக்கு எரியும் பிளாஸ்டிக் கம்பு எல்லாம் மேடைக்கு. அவற்றில் பழகிய கைக்கு எடைக் கணக்குத் தவறிப்போகும்.

இனி ஆசானைச் சோதிப்பது. தெற்கே ஆசான், மதுரை சென்னைப் பக்கம் வாத்தியார். எப்படி அழைத்தாலும், அவரிடம் சான்றிதழ் இல்லாத இடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. யாரிடம் படித்தார், எந்த ஊர்க் கம்பு என்று கேளுங்கள். தன் ஆசானின் பெயரையும் ஊரையும் தயங்காமல் சொல்வார். ஆயிரம் வருடத்து ரகசியம், சித்தர் நேரே கொடுத்தது என்று பேச்சு போனால் கவனமாக இருங்கள். அவரிடம் ஐந்தாறு வருடம் படித்த ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். அந்த மாணவர் ஆடுவதுதான் ஆசானின் உண்மையான சான்றிதழ். வயதான ஆசான் குதித்து ஆட வேண்டியதில்லை. ஆனால் எதிர் கம்பில் அவர் கம்பு பிள்ளையின் உடம்புக்கு ஒரு விரல்கடை முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். அடியை நிறுத்தத் தெரிந்தவர் கையில் பிள்ளையைக் கொடுக்கலாம்.

உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைக் கையாளும் வர்மம் பற்றி ஓர் எச்சரிக்கை. கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை என்னும் சண்டைக் கலையும் வர்மமும் வைத்தியமும் ஒரே ஆசானிடம் இருப்பது நெடுநாள் வழக்கம். சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் தடவிவிடுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டு வாந்தி வந்தாலோ, கண்ணில் பட்டாலோ, எலும்பு முறிந்த மாதிரி வீங்கினாலோ அரை மணி நேரம்கூட வீணாக்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதற்கு மறுப்புச் சொல்லும் ஆசான் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு வர்ம அடி சொல்லித்தருகிறேன் என்பவரும் வேண்டாம்.

சிறு களத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மேற்பார்வை யாரும் இல்லை. எனவே பெற்றோர் எந்த நாளும் வந்து பார்க்கலாம் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். தனியாக, மூடிய இடத்தில் பாடம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரம்பால் அடித்துத் திருத்துவது கண்டிப்பு ஆகாது. சில ஊர்களில் கம்பு ஒரே தெருவுக்குள், ஒரே சாதிக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது, இன்னும் சில இடங்களில் அப்படித்தான். பெண் பிள்ளைகளும் வேறு தெருப் பிள்ளைகளும் அந்தத் திடலில் நிற்கிறார்களா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால், கம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் என் பதில் மாறும். அங்கே அனுப்ப வேண்டாம்.

பணத்தை வெளிப்படையாகப் பேசுங்கள். விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்று அவர் சொன்னாலும் மாதம் ஒரு தொகையைத் தவறாமல் கொடுப்பது நல்லது. திடலில் விளக்கு, கம்பு, எண்ணெய் எல்லாம் அவர் கைக்காசுதான்.

ஆட்டத்தில் வரும் குறை இன்னொன்று. ஏழு பேர் தங்களுக்குள்ளேயே வருடக்கணக்கில் கம்பு எடுத்தால் ஒருவர் தாளம் இன்னொருவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். தோள் அசைந்ததுமே என்ன வரும் என்று தெரிந்து தட்டுவார்கள். அதைத் திறமை என்று நம்பியும்விடுவார்கள். வெளியூர்க் கம்பு எதிரில் வந்த முதல் நாளே அடி வாங்குவார்கள். இதற்கு ஒரே மருந்து பக்கத்து ஊர் ஆசானோடு பேசி மாதம் ஒரு முறையாவது பிள்ளைகளை மாற்றி நிறுத்துவது. தன் பிள்ளைகள் வேறு யாரோடும் கம்பு எடுக்கக் கூடாது என்று தடுக்கும் ஆசானிடம் பாடம் ஒரு கட்டத்தில் நின்றுபோகும். பொதுத்தேர்வுக் காலத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவது இன்னொரு சிக்கல். ஏழில் நான்கு பேர் போனால் எதிர் கம்புக்கு ஆள் இருக்காது. வெவ்வேறு வகுப்பில் படிக்கும் பிள்ளைகளாகச் சேர்த்துக்கொண்டால் ஒரே நேரத்தில் களம் காலியாகாது.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பள்ளி அளவிலும் போட்டிகள் நடக்கின்றன. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இவை பெரிய கதவுகள். ஆனால் போட்டிக்கென்று கற்க வேண்டியவை குறைவு: களத்தின் எல்லைக் கோடு, நேர அளவு, எந்த இடத்தைத் தொட்டால் எத்தனை புள்ளி, எது தவறாட்டம், தனித்திறன் பிரிவில் நடுவர் எதைப் பார்க்கிறார். காலும் கையும் படிந்த பிள்ளைக்கு இவற்றைப் பழக இரண்டு மூன்று மாதம் தாராளம். அதற்கு நேர்மாறாக, நாலு வருடம் நடுப்பிடிச் சுற்று மட்டும் பழகிய பிள்ளையின் காலைத் திருத்துவதற்கு ஒரு வருடமும் போதாமல் போகலாம்.

அதனால் மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது, ஆசானிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போட்டிக்குப் பதிவு செய்யும் சங்கம் எது, அதன் சான்றிதழ் ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு பதிவு செய்யுங்கள். பெயரளவில் சங்கங்கள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றின் தாளும் செல்லாது. போட்டிப் பயிற்சிக்காக மையத்துக்குப் போகும் மாதங்களிலும் வாரத்தில் இரண்டு நாளாவது ஆசானின் திடலில் எதிர் கம்பு எடுக்கட்டும். ஆசான் சம்மதித்தால் வரிசைகளைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். பெரும்பாலானோர் எதிரில் நின்று முகமும் கையும் தெரியும்படி மட்டும் எடுத்துவிடுவார்கள், அதில் கால் போன வழி தெரியாது. ஒரு முறை முதுகுப் பக்கத்திலிருந்தும், ஒரு முறை பக்கவாட்டிலிருந்தும், பாதம் முழுதும் தெரியும்படி எடுங்கள். வரிசையின் பெயரை ஆசானே வாயால் சொல்லித் தொடங்கட்டும்.